போர்க்களப் படமும் இருட்டறையும்

இரண்டாம் உலகப் போரில் (1939–1945) அமெரிக்கச் சிக்னல் படைப்பிரிவின் புகைப்படக்காரர் பலர், ஸ்பீட் கிராபிக் என்னும் பெரிய காமிராவைச் சுமந்து, பசிபிக் தீவுகளிலும் பர்மியக் காடுகளிலும் வீரருடன் நடந்தனர். அதற்குரிய பிலிம் தனித்தனித் தாளாக இருக்கும். உறையொன்றில் இரண்டு தாள்களே அடங்கும். ஓடும் வீரனை மீண்டும் ஒருமுறை ஓடுமாறு கேட்டல் இயலுமோ? ஆதலின் எப்பிலிமைக் கொள்வது, எம்மருந்தில் கழுவுவது என்பவற்றை முன்னரே ஆராய்ந்து துணிதல் அவர்க்கு இன்றியமையாததாயிற்று.

கறுப்பு வெள்ளைப் பிலிமில், ஒளிபட்டால் மாறும் வெள்ளி உப்பின் மணிகள் ஜெலட்டினில் பதிந்துள்ளன. மணிகள் பருத்தனவாயின் சிற்றொளியும் போதும். இது விரைவுப் பிலிம் எனப்படும். வேக எண் 100 உடைய பிலிமுக்கு வேண்டும் ஒளியில் நான்கில் ஒரு பங்கே 400 உடையதற்குப் போதுமானது. எனினும், படத்தைப் பெரிதாக்குங்கால் அம்மணிகள் மணல் தூவினாற்போலத் தோன்றும். பகைவர் அரணை நுணுக்கமாகக் காட்ட நுண்மணிப் பிலிம் தக்கது. அந்தியிலும் அடர்காட்டிலும் விரைவுப் பிலிமே கைகொடுக்கும்.

ஒளிபட்ட மணிகளைக் கரிய வெள்ளியாக்கி, மறைந்துள்ள உருவை வெளிப்படுத்தும் நீர்மம் உருத்துலக்கி எனப்படும். கோடாக் நிறுவனத்தார் 1927இல் வெளியிட்ட டி-76 என்பது அவற்றுள் புகழ்பெற்றது. மெட்டால், ஹைட்ரோகுயினோன், சோடியம் சல்பைட்டு, வெண்காரம் ஆகியன அதன் உறுப்புக்கள். லிட்டருக்கு 100 கிராம் அளவில் உள்ள சல்பைட்டு, மணிகளின் விளிம்பைச் சிறிது கரைத்து, படத்தை மென்மையாக்கும்.

இத்தகைய மருந்துகளுக்கு 20 பாகை செல்சியசு வெப்பம் ஏற்றது. அங்குப் பத்து நிமிடம் வேண்டும் வேலை, 24 பாகையில் ஏறத்தாழ ஏழு நிமிடத்தில் முடியும். வெப்பநாட்டு நீரோ 30 பாகையையும் எட்டும். அப்போது ஜெலட்டின் வீங்கி, இளகி, உருவத்தோடு பிலிமை விட்டு வழுவவும் கூடும். அங்ஙனம் நேராவண்ணம், சோடியம் சல்பேட்டுச் சேர்ந்த வெப்பநாட்டு உருத்துலக்கியைக் கொள்வர். பின்னர்க் குரோம் படிகார நீரில் இட்டு இறுகச் செய்வர்.

ஒளி குறைந்த படத்தை நெடுநேரம் மருந்தில் இட்டால் எல்லாம் சீராகும் என எண்ணற்க. வெளிச்சமும் நிழலும் தம்முள் மிக வேறுபடுமேயன்றி, நிழலில் பதியாத முகம் தோன்றாது. களத்தில் பிலிமில் பதியாததை இருட்டறை படைக்கமாட்டாது. களத்தில் பதிந்ததையோ இருட்டறைப் பிழை அழித்துவிடும்.

மாணவர்களே! இன்று படைகளில் இலக்கமுறைக் காமிராக்கள் வந்துவிட்டன. ஆயினும், மீளாத ஒரு கணத்தைப் பின்வருவோர்க்குச் சான்றாக வைப்பவன், இடமும் ஒளியும் வெப்பமும் அறிந்து கருவியைத் தேர்தல் வேண்டும் என்பது மாறவில்லை.