அடுப்புக்கு முன் புகைபோக்கி

2013 டிசம்பரில் உறைமழை பெய்து ரொறன்ரோவில் சுமார் 3 இலட்சம் இணைப்புகளில் மின்சாரம் நின்றபோது, எரிவாயு தடையின்றி வந்தும் வீடுகள் குளிர்ந்துபோயின. சூட்டை அறைகளுக்குத் தள்ளும் விசிறி மின்சாரத்தில்தான் சுழல்கிறது. அப்படியொரு இரவை மனதில் வைத்து அடுப்பு வாங்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: மரத்தூள் குருணையை எரிக்கும் பெலற் அடுப்பும் பெரும்பாலும் மின்சாரம் இல்லாமல் எரியாது. குருணையை நெருப்புக்குள் தள்ளும் திருகும் காற்றை ஊதும் விசிறியும் மின்சாரத்தையே நம்பியிருக்கின்றன. பற்றரியோ ஜெனரேற்றரோ இல்லாத வீட்டில் மின்தடைக்கு விறகடுப்புதான் துணை.

அதற்காகப் பெலற் அடுப்பை ஒதுக்கிவிட வேண்டாம். அழுத்திய மரத்தூள் குருணை 18 கிலோ பைகளில் வருகிறது. கொள்கலனை நிரப்பிவிட்டால் பல மணி நேரம் தானாக எரியும். புகைக்குழாயையும் பெரும்பாலும் பக்கச் சுவர் வழியாகவே வெளியே விடலாம். மின்சார ஹீற்றரை மட்டும் நம்பியுள்ள வீட்டுக்கு நல்ல தெரிவு. பைகளை ஈரம் படாமல் வைக்க இடம் வேண்டும். நனைந்த குருணை மரத்தூளாக உதிர்ந்துவிடும்.

விறகடுப்பு என்றால், கடைக்குப் போகுமுன் புகைபோக்கி எங்கே போகும் என்று பாருங்கள். அடுப்புக்குக் காற்றை இழுத்துக் கொடுப்பது அதுதான். வீட்டின் நடுவே சூடான பகுதிக்குள்ளால் நேராக மேலே ஏறும் குழாய் நன்றாக இழுக்கும். வெளிச்சுவரை ஒட்டி ஏறும் குழாய் குளிர்ந்துபோய்ப் புகையை வீட்டுக்குள்ளேயே திருப்பலாம். குழாய் கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயர வேண்டும். சுற்றிலும் 10 அடிக்குள் உள்ள கூரைப் பகுதி எதையும்விட 2 அடி உயர்ந்து நிற்க வேண்டும்.

பேஸ்மன்ற்றில் வைப்பதையே பலர் விரும்புகிறார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். குளிர்காலத்தில் வீட்டின் சூடான காற்று மேலே ஏறுவதால் கீழ்த்தளம் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த இழுப்பு புகைபோக்கிக்கு எதிராக வேலை செய்யும். நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. மீன் பொரிக்கவும் தாளிக்கவும் என்றே குசினியில் வலுவான உறிஞ்சும் விசிறி பூட்டியிருப்போம். இறுக்கமாகக் கட்டிய புது வீட்டில் அதை முழு வேகத்தில் விட்டால், வெளியேற வேண்டிய புகையும் கார்பன் மொனொக்சைட்டும் அடுப்பு வழியே அறைக்குள் திரும்பலாம். இந்த விசிறியைப் பற்றி, பொருத்த வருபவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

பெரிய அடுப்பு வாங்காதீர்கள். சூடு தாங்காமல் காற்றைக் குறைத்து வைப்பீர்கள். விறகு சுடர்விடாமல் புகைந்து, குழாய்க்குள் கிரியோசோற் எனும் தார் படியும். புகைபோக்கி தீப்பிடிப்பது பெரும்பாலும் இதனால்தான். மலிவாகக் கிடைக்கிறதென்று சான்றில்லாத பழைய அடுப்பையும் எடுக்க வேண்டாம். அப்படிப்பட்டதைச் சுற்றி எரியக்கூடிய சுவருக்கு 4 அடி இடைவெளி விட வேண்டும்; சான்று பெற்றதற்கு அதன் தகட்டில் உள்ள அளவு போதும். மொன்றியலில் மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் விடும் அடுப்பைப் பயன்படுத்த 2018 ஒக்ரோபர் முதல் தடை இருக்கிறது.

நகராட்சியின் கட்டட அனுமதி, விறகு எரிக்கும் கருவிகளுக்கான வெற் (WETT) சான்று பெற்றவரின் பரிசோதனை, காப்புறுதி நிறுவனத்தின் ஒப்புதல் ஆகியவற்றில் மூன்றாவதை முதலில் கேளுங்கள். அடுப்பு வைத்ததைச் சொல்லாமல் விட்டால், தீ விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம்.

விறகு வாங்கும்போது அளவு புஷ் கோர்டா, ஃபேஸ் கோர்டா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். முன்னது 128 கன அடி. பின்னது வழக்கமாக அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஒரு துண்டைப் பிளந்து, புதிதாகத் தெரியும் உட்பக்கத்தில் ஈரமானியை வையுங்கள். 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அந்தக் குளிர்காலத்துக்கு அது உதவாது. ஓக் மரம் காய இரண்டு கோடைகூட ஆகலாம். வர்ணம் பூசிய பலகையையும் பிளைவுட்டையும் ஒருபோதும் எரிக்காதீர்கள். சாம்பலை இறுக்கமான மூடியுள்ள உலோக வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள். அடியில் தணல் நாட்கணக்கில் உயிரோடிருக்கும்.

ஒன்ராறியோவில் எரிபொருள் அடுப்புள்ள வீட்டில், படுக்கும் அறைகளுக்கு அருகே கார்பன் மொனொக்சைட் அலாரம் 2014 முதல் சட்டப்படி கட்டாயம். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் புகைபோக்கியைத் துப்புரவு செய்விக்க வேண்டும். வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தையோ முதியவரோ இருந்தால் விறகடுப்பு வேண்டாம் என்பதே என் முடிவு. எவ்வளவு நல்ல அடுப்பானாலும் கதவைத் திறந்து விறகு வைக்கும்போது கொஞ்சப் புகை அறைக்குள் வரத்தான் செய்யும்.