மீன் குஞ்சைக் காக்கும் கடல் நுண்ணுயிர்கள்

நுண்ணுயிர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலர்க்கு நோயே நினைவிற்கு வருகின்றது. ஆயினும் பாலைத் தயிராக்குவதும் நுண்ணுயிரே. உளுந்து, அவரை முதலிய பயிர்களின் வேர் முடிச்சுகளில் தங்கி, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உரமாக்கித் தருவதும் நுண்ணுயிரே. விதை நேர்த்திக்கு ரைசோபியமும், நெல் நாற்றின் வேரை நனைப்பதற்கு அசோஸ்பைரில்லமும் வாங்கிப் பயன்படுத்தும் நம் அங்கத்தினர்களுக்கு இது புதிய செய்தியன்று. நிலத்தில் துணை செய்யும் இத்தகைய உயிர்கள் கடல் நீரிலும் உள்ளனவா? உள்ளனவாயின், அவற்றைத் தேடிக் கண்டு மீன் பண்ணைக்குக் கொணர்வது எவ்வாறு? இப்பாடத்தில் நாம் ஆராயப் புகுவது இதுவே.

குஞ்சுப் பருவத்தின் இடர்

கடல் மீன் வளர்ப்பில் முதற் சில வாரங்களே பெரிய கண்டம். ஐரோப்பாவில் நல்ல விலை பெறும் டர்பட் என்னும் தட்டை மீனை எடுத்துக் கொள்வோம். முட்டையிலிருந்து வெளிவரும் அதன் குஞ்சு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளமே உடையது. நோயை எதிர்க்கும் ஆற்றல் அதன் உடலில் இன்னும் முதிர்ந்திராது. அதன் முதலுணவு ரோட்டிபர் என்னும் மிகச் சிறிய நீர்வாழ் உயிர். ரோட்டிபரைத் திரளாக வளர்க்கும் தொட்டியில் பாக்டீரியாக்களும் திரளாகப் பெருகும். அவற்றுள் விப்ரியோ இனத்தைச் சேர்ந்த சில, உணவோடு குஞ்சின் வயிற்றினுள் சென்று நோயை விளைவிக்கும். சில நாட்களில் ஒரு தொட்டிக் குஞ்சுகள் முழுவதுமே அழிந்து போதலும் உண்டு.

இதற்கு நுண்ணுயிர்க் கொல்லி மருந்தைக் கலந்தால் என்ன என்று கேட்கலாம். மருந்து, தீய கிருமியோடு நல்லனவற்றையும் அழிக்கும். தப்பிய கிருமிகள் மருந்துக்கு அஞ்சாதனவாகப் பெருகும். நார்வே நாட்டுச் சால்மன் பண்ணைகள் 1987-இல் ஏறத்தாழ 50 டன் மருந்தைச் செலவிட்டன. தடுப்பூசி பரவிய பின்னர், 1990-களின் இறுதியில் அது 1 டன் அளவிற்குக் குறைந்தது. மீன் உற்பத்தியோ பன்மடங்கு பெருகியது. எனினும் தடுப்பூசியின் பயன் வளர்ந்த மீனுக்கே உரியது. எதிர்ப்பாற்றல் முதிராத குஞ்சுக்கு அவ்வழி இல்லை. ஆதலின் குஞ்சைச் சூழ்ந்துள்ள நீரிலேயே அதற்கு ஒரு காவலைத் தேட வேண்டியதாயிற்று.

தேடிய முறை

டென்மார்க்கைச் சேர்ந்த லோனே கிராம் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினரும், டர்பட் வளர்ப்பில் தேர்ந்த அவர்தம் துணைவர்களும் இரண்டு டர்பட் குஞ்சுப் பண்ணைகளில் ஓராண்டுக் காலம் இத்தேடலை நடத்தி, 2004-இல் முடிவுகளை வெளியிட்டனர். தொலைவிலுள்ள ஆழ்கடலுக்கு அவர்கள் செல்லவில்லை. பண்ணையின் நீர், குஞ்சின் உணவு, தொட்டிச் சுவரில் படிந்த வழுவழுப்பு ஆகியவற்றிலேயே தேடினர். அவ்விடத்து உப்புக்கும் குளிருக்கும் முன்னமே பழகிய உயிரே அங்கு நிலைத்து வாழும் என்பது அவர்தம் கருத்து.

கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகாரைச் சத்துப் பொருள்களோடு காய்ச்சித் தட்டில் ஊற்றி உறைய வைப்பர். அதன்மேல் பண்ணை நீரைப் பரப்பினால், ஒவ்வொரு பாக்டீரியாவும் பெருகி ஒரு புள்ளியாகக் கண்ணுக்குத் தோன்றும். ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டெடுத்துச் சோதிப்பது எளிதன்று. இதற்கு அமெரிக்காவில் ஜோஷுவா லெடர்பர்க், எஸ்தர் லெடர்பர்க் தம்பதிகள் 1952-இல் வெளியிட்ட ஒரு முறை உண்டு. அதன் கருவி, நம் நெசவாளர்கள் நன்கறிந்த வெல்வெட்டுத் துணியே. தூய்மை செய்த வெல்வெட்டைத் தட்டின்மேல் மெல்ல அழுத்துவர். மேலெழுந்து நிற்கும் இழைகள் நுண்ணிய ஊசிகளைப் போல ஒவ்வொரு புள்ளியிலும் சிறிது எடுத்துக் கொள்ளும். அத்துணியை வேறொரு தட்டில் பதித்தால், அதே வரிசையில் புள்ளிகள் மீண்டும் தோன்றும். துணிக்கு அச்சுப் பதிப்பது போன்றதே இது. இவ்வாறு படியெடுக்கும் முறையால், நோய்க்கிருமியாகிய விப்ரியோ அங்குல்லாரம் பரப்பிய தட்டில் எப்புள்ளியைச் சுற்றிக் கிருமி வளராது தெளிந்த வட்டம் உண்டாகின்றது என்று பார்த்தனர்.

சலித்து எடுத்த கணக்கு

ஏறத்தாழ 19,000 புள்ளிகள் சோதிக்கப்பட்டன. தெளிந்த வட்டம் காட்டியவற்றிலிருந்து 341 வகைகள் பிரித்தெடுக்கப்பட்டன. அவற்றை மீண்டும் சோதித்தபோது ஆற்றல் குன்றாது நின்றவை 173 மட்டுமே. இவற்றுள் 132 ரோசியோபாக்டர் இனத்தவை. 31 விப்ரியோ குடும்பத்தவை. அந்த 31-இல் 18 வகைகள் விப்ரியோ அங்குல்லாரமாகவே இருந்தன என்பது நாம் ஊன்றி நோக்கத்தக்கது. பகைவனை வெல்லுகின்றான் என்பதற்காகப் பகைவனின் பங்காளியை வீட்டிற்குள் விடலாகாதன்றோ? தட்டில் காட்டும் திறமை ஒன்றே நற்சான்று ஆகாது.

ரோசியோபாக்டர் வகைகள் சிறப்பாகத் தொட்டிச் சுவர்களிலிருந்தே கிடைத்தன. வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும் அவை மிகுந்திருந்தன. சுவரை ஓயாது தேய்த்துக் கழுவும்போது, அழுக்கோடு காவலையும் அகற்றிவிடுகின்றோமோ என்று எண்ண வேண்டியுள்ளது.

அடுத்த சோதனை உயிருள்ள குஞ்சிடத்தே. 27-4 என்று எண்ணிட்ட ஒரு வகையை டர்பட் குஞ்சுகளின் நீரில் கலந்தனர். குஞ்சுக்குத் தீங்கு நேரவில்லை. 3 சோதனைகளில் 2-இல் சாவு குறைந்தது. பின்னர் 2006-இல் வெளியான ஆய்வில், இதே பாக்டீரியாவை ரோட்டிபரின் வழியாகக் குஞ்சுக்கு ஊட்டியபோது, விப்ரியோ தாக்கிய குஞ்சுகளிடையே சாவு குறையக் கண்டனர். நோய் புகுந்த உணவின் வழியாகவே காவலும் புகுந்தது. இதன் நெருங்கிய உறவாகிய பேயோபாக்டர் வகையொன்று காட் மீன் குஞ்சுகளையும் காப்பதாக 2012-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. இவ்வுயிர்களின் படைக்கலம் டிரோப்போடைதையெட்டிக் அமிலம் என்னும் பொருள். அதனைச் செய்ய இயலாத வகையைவிடச் செய்யும் வகையே குஞ்சுகளை மிகுதியாகக் காத்தது.

நாம் கொள்ள வேண்டுவன

குளிர்ந்த கடலில் கண்ட இவ்வுயிரை அப்படியே நம் வெப்பமான உப்பங்கழிக்குக் கொணர்ந்தால் அதே பயன் விளையும் என்று கருதுதல் தவறு. ஆனால் தேடிய முறை எந்நாட்டிற்கும் பொருந்தும். நம் கடற்கரையில் இறால் குஞ்சு பொரிப்பகங்களை வாட்டுவதும் விப்ரியோவே. இருளில் ஒளிரும் விப்ரியோ ஹார்வியி அவற்றுள் ஒன்று. இறாலின் உடலில் மீனைப் போன்று எதிர்ப்புப் புரதங்கள் உண்டாகாமையின், தடுப்பூசி வழியும் அதற்கு எளிதன்று. ஆகவே நல்ல நுண்ணுயிரின் தேவை நமக்கும் உண்டு.

நல்ல நுண்ணுயிர் என்று பெயரிட்டுப் பல பொடிகளும் நீர்மங்களும் இன்று விற்பனைக்கு வருகின்றன. வாங்குமுன் அங்கத்தினர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு:

1. உள்ளிருக்கும் உயிரின் பெயர் யாது? ஒரு கிராமில் உயிருடன் உள்ளவை எத்தனை?

2. அது எங்கே எடுக்கப்பட்டது? நம் குளத்தின் உப்பிலும் வெப்பத்திலும் வாழுமா?

3. தட்டில் மட்டுமின்றி, உயிருள்ள குஞ்சுகளிடத்தும் சோதிக்கப்பட்டதா? மருந்திடாத தொட்டியோடு ஒப்பிடப்பட்டதா?

4. தடை செய்யப்பட்ட மருந்து எதுவும் கலவாதது என்பதற்குச் சான்று உண்டா?

விடை கிடைத்த பின்னரும், எல்லாக் குளங்களுக்கும் ஒருங்கே இடுதல் வேண்டா. ஒத்த இரு குளங்களில் ஒன்றிற்கு இட்டு, மற்றொன்றை இடாது வைத்து, பிழைத்த எண்ணிக்கையையும் செலவையும் எழுதி வருக. சுவர் வழுவழுப்பை நாமே எடுத்துப் பெருக்கி இடுதலும் கூடாது. அந்தப் 18 வகைகளைப் போன்றவை அதனுள் மறைந்திருக்கக்கூடும். அவ்வேலை ஆய்வுக்கூடத்திற்கு உரியது. சென்னையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையமும், தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரியும் உள்ளன.

தனியொருவர் கணக்கு ஒரு குளத்தின் கதை. பல அங்கத்தினர்களின் கணக்கு ஓரிடத்தில் சேருமாயின், அது ஒரு கடற்கரையின் அறிவாகும். 19,000 புள்ளிகளைச் சலித்தது ஒரு கையன்று. கூடித் தேடுவதும், தேடியதைப் பொதுவில் வைப்பதும் கூட்டுறவாளராகிய நமக்குப் புதியனவல்ல. அவ்வழக்கத்தை மீன் குளத்தின் கரைக்கும் கொண்டு செல்வோமாக.