நரேன் கார்த்திகேயன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பூந்தமல்லியை ஒட்டிய கரையான்சாவடியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே செல்வோர், இருபது கிலோமீட்டர் தொலைவைக் கடப்பதற்கு முன்பே, சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் அமைத்த பந்தயத் தடத்தை அடைந்துவிடுவர். இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன், கோவையைச் சேர்ந்த கரிவர்தன் வடிவமைத்த ஃபார்முலா மாருதி கார்களில் தம் தொடக்கப் பந்தயங்களை ஓட்டியது இந்தத் தடத்தில்தான். மாருதி 800 காரின் 796 சிசி எஞ்சினைப் பொருத்திய இந்தக் கார்கள், சக்கரங்கள் மூடப்படாமல் வெளியே நிற்க, ஒருவர் மட்டுமே அமர்ந்து ஓட்டும் ‘ஒற்றை இருக்கை’ வகையைச் சேர்ந்தவை. இவ்வகைக் கார்களின் உச்சப் படிநிலையே ஃபார்முலா ஒன் ஆகும்.

இத்தடத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையைச் சார்ந்தே முதல் தவறான நம்பிக்கையும் நிலவுகிறது. பொதுச்சாலையில் அஞ்சாமல் வேகமெடுப்பவரே பிற்காலத்தில் பந்தய ஓட்டுநர் ஆவார் என்று கருதுவோர் பலர். உண்மையில், பந்தயத் திறன் என்பது பெரும்பகுதி பிரேக் பிடிக்கும் திறனே. ஒவ்வொரு சுற்றிலும் அதே வளைவில், அதே இடத்தில், சக்கரம் பூட்டிக்கொள்ளாத அளவுக்கு மட்டும் மிதித்து, எஞ்சியிருக்கும் பிடிமானத்தைத் திரும்புவதற்குச் செலவிடும் கணக்கையே ஓட்டுநர் ஆண்டுக்கணக்கில் பயில்கிறார். தடத்தில் எல்லா வண்டிகளும் ஒரே திசையில் ஓடுகின்றன; வளைவுக்கு வெளியே தறிகெட்ட கார் வேகம் குறைந்து நிற்பதற்கான வெற்றிடம் விடப்பட்டிருக்கிறது; ஆபத்தை முன்கூட்டி அறிவிக்கக் கொடியசைக்கும் அலுவலர்களும் மருத்துவக் குழுவும் காத்திருக்கின்றனர்; இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு வழங்கும் உரிமம் இல்லாதவர் அதன் பந்தயங்களில் போட்டியிட முடியாது. தொழிற்சாலைகளுக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளும் அரசுப் பேருந்துகளும் ஷேர் ஆட்டோக்களும் நெருக்கும் சாலையில் இவற்றுள் ஒன்றும் இல்லை என்பதால், அங்கே எடுக்கும் வேகம் எந்தப் பயிற்சியாகவும் அமைவதில்லை. இளம் உயிர்களைக் காவு கொள்வதுதான் அதன் விளைவு என்பதை எத்தனை முறை வற்புறுத்தினாலும் தகும்.

அடுத்த நம்பிக்கை, நரேனின் வாழ்க்கையைச் சில ஃபார்முலா ஒன் பந்தயங்களுக்குள் அடக்கிவிடுவது. 1977இல் பிறந்த அவர், ராலி ஓட்டுநரான தம் தந்தையைப் பார்த்து வளர்ந்தவர். 1994இல் பிரிட்டனின் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரிலும் 1996இல் ஃபார்முலா ஏஷியா தொடரிலும் பட்டம் வென்று, பின்னர் பிரிட்டிஷ் ஃபார்முலா மூன்று தொடரில் பந்தயங்களை வென்று, 2001 ஜூனில் சில்வர்ஸ்டோன் தடத்தில் ஜாகுவார் அணியின் காரைச் சோதித்ததன் மூலம் ஃபார்முலா ஒன் காரை ஓட்டிய முதல் இந்தியரானார். 2005இல் ஜோர்டான் அணியிலும், 2011, 2012 ஆண்டுகளில் ஹிஸ்பானியா அணியிலும் அவர் தொடங்கிய பந்தயங்கள் 46. இவற்றுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் வில்லியம்ஸ் அணியின் சோதனை ஓட்டுநராக இருந்ததோடு, நாடுகளின் பெயரால் நடந்த ஏ1 தொடரில் 2007 டிசம்பரில் சீனாவின் ஜூஹாயில் இந்திய அணிக்கு அதன் முதல் வெற்றியைப் பெற்றுத் தந்தார்.

அவருடைய நான்காம் இடமும் கடைசி இடமும்தான் மிகுதியாகத் திரித்துப் பேசப்படுகின்றன. 2005 ஜூன் 19 அன்று இண்டியானாபோலிஸில் நடந்த அமெரிக்கப் பந்தயத்தில், மிஷெலின் டயர்கள் அத்தடத்தின் சாய்வான வளைவைத் தாங்கா என்று தெரியவந்ததால், அவற்றைப் பொருத்தியிருந்த 14 கார்களும் அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் விலகிக்கொள்ள, பிரிட்ஜ்ஸ்டோன் டயர் கொண்ட ஆறு கார்கள் மட்டுமே போட்டியிட்டன. நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார்; அவருடைய ஃபார்முலா ஒன் புள்ளிகள் மொத்தமும் இவையே. அந்த ஐந்து புள்ளிகள் சூழ்நிலை தந்தவை என்பதில் ஐயமில்லை, அணித்தோழர் தியாகோ மொன்தெய்ரோ அன்று அவருக்கு முன்னே மூன்றாவதாக வந்தார் என்பதும் உண்மையே. ஆனால், அந்த முடிவைத் தற்செயல் என்று தள்ளுவோர், 2011இல் வாலென்சியாவில் அவர் 24ஆவதாக வந்ததை மட்டும் திறமையின் அளவுகோலாக எடுத்துக்கொள்வது முறையன்று. அன்று தொடங்கிய 24 கார்களும் பந்தயத்தை முடித்தன. பழுதோ மோதலோ யாரையும் வெளியேற்றாத அரிய பந்தயத்தில், மிக மெதுவான கார்களில் ஒன்றை ஓட்டியவர் கடைசியில் நின்றார். ஹிஸ்பானியா அணி 2010 முதல் 2012 வரை மூன்று ஆண்டுகளில், எத்தனையோ ஓட்டுநர்களை மாற்றியும், ஒரு புள்ளிகூடப் பெற்றதில்லை. தகுதிச் சுற்றில் முதன்மையானவரின் நேரத்தைவிட ஏழு விழுக்காட்டுக்கு மேல் பின்தங்கினால் பந்தயத்தில் இடமில்லை என்ற விதி, 2012 ஆஸ்திரேலியப் பந்தயத்தில் அந்த அணியின் இரண்டு கார்களையுமே வெளியே நிறுத்தியது. காரும் ஓட்டுநரும் கலந்தே பெறும் இடத்தை ஓட்டுநரின் கணக்கில் மட்டும் எழுதுவது நேர்மையான மதிப்பீடு ஆகாது.

பந்தயத்துக்குப் பணம் வேண்டும் என்ற கருத்தை நம்பிக்கை என்று ஒதுக்க முடியாது, அது உண்மை. விளம்பரதாரரின் ஆதரவின்றி ஐரோப்பாவில் ஒரு பருவம் ஓட்டுவதும் கடினம். வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கதவு இன்றும் ஏறத்தாழ மூடியே இருப்பது வருந்தத்தக்கது. எனினும் பணம் வாங்கித் தருவது இருக்கையை மட்டுமே.

உட்கார்ந்து ஓட்டுபவருக்கு உடல் உழைப்பு எதற்கு என்ற கேள்வியும் அடிக்கடி எழுவதுண்டு. ஃபார்முலா ஒன் காரில் பிரேக் பிடிக்கும்போதும் வேகமான வளைவிலும் புவியீர்ப்பைப்போல நான்கைந்து மடங்கு விசை உடலை இழுக்கிறது. தலையும் தலைக்கவசமும் சேர்ந்த எடையும் அதே மடங்கில் பெருகிக் கழுத்தின்மேல் விழுகிறது. வெப்பமான நாடுகளில் ஒரே பந்தயத்தில் இரண்டு மூன்று கிலோ எடை வியர்வையாக வெளியேறக்கூடும்.

இத்தகைய உழைப்பை முப்பத்தைந்து வயதுக்குமேல் உடல் தாங்காது என்பது கடைசி நம்பிக்கை. ஃபார்முலா ஒன்னில் 2001இல் அறிமுகமான ஸ்பெயினின் ஃபெர்னாண்டோ அலோன்சோ, 1981இல் பிறந்தவர்; நாற்பதைக் கடந்தும் அங்கேயே போட்டியிட்டு வந்திருக்கிறார். நரேன் தம் 37ஆம் வயதில், 2014இல், ஜப்பானின் சூப்பர் ஃபார்முலா தொடருக்குச் சென்றார். ஃபார்முலா நிப்பான் என்ற பழைய பெயரில் 2001இல் அவர் ஓட்டிய அதே தொடருக்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத் திரும்பி, 2018 வரை அங்கே தம்மைவிட மிக இளையவர்களோடு போட்டியிட்டார். பின்னர், கூரையுள்ள காரை இருவர் பகிர்ந்து ஓட்டும் சூப்பர் ஜிடி தொடருக்கு மாறிய அவர், அத்தொடரின் கார்களும் ஜெர்மனியின் டிடிஎம் தொடரின் கார்களும் ஃபூஜி தடத்தில் ஒன்றாக மோதிய 2019 நவம்பர் 24ஆம் நாள் பந்தயத்தை, 42ஆம் வயதில், ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரில் வென்றார்.