தட்டிலிருந்து எடுப்பதும் தட்டில் வைப்பதும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய மூன்று திட்டங்களையும் பெரியம்மா படித்தாயிற்று. ஒன்று, பாதாம் பாலும் கினோவாவும் அவகாடோவுமாக முப்பது நாளில் பத்துக் கிலோ குறைக்கிற ‘வீகன்’ அட்டவணை. இன்னொன்று, வாரம் முழுக்கச் சாறு. மூன்றாவது, பச்சை இலைப் படம் போட்ட டப்பாவில் விற்கிற பொடி. எதில் சேரலாம் என்று கேட்டிருக்கிறாய். மூன்றிலும் வேண்டாம். ஆனால் தாவர உணவை வைத்தே எடையைக் குறைக்கலாம் என்கிற உன் யோசனை நல்ல யோசனைதான். ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருந்த காலத்தில் இதே கேள்வியோடு கல்லூரிப் பிள்ளைகள் நிறையப் பேர் வந்ததுண்டு. அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில், குறைக்க வேண்டுமா என்பதைப் பார்த்துவிடுவோம். உன் உயரம் 158 செ.மீ., எடை 64 கிலோ. உயரத்தை மீட்டரில் எழுதி, அதை அதனாலேயே பெருக்கி, வருகிற எண்ணால் எடையை வகுத்தால் 25.6 வருகிறது. இதுதான் உடல் நிறைக் குறியீடு. ஒரே எடைக்கு இந்திய உடம்பில் கொழுப்பு அதிகம், அதிலும் வயிற்றைச் சுற்றி அதிகம் என்பதால், 2009-இல் நம் நாட்டு மருத்துவர்கள் கூடி வகுத்த அளவுகோல் உலகப் பொதுக்கணக்கைவிடக் கறாரானது. 23-இல் அதிக எடை தொடங்குகிறது, 25-இல் உடல்பருமன். பெண்ணுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.-க்குள் இருக்க வேண்டும். ஆக, நீ குறைப்பதில் நியாயம் இருக்கிறது. உன்னோடு சேரப்போவதாகச் சொன்னாயே உன் அறைத்தோழி, அவள் 155 செ.மீ. உயரத்துக்கு 46 கிலோ இருக்கிறாள். அவளுக்கு எந்தத் திட்டமும் தேவையில்லை. அதை நீயே அவளிடம் சொல்லிவிடு.

எவ்வளவு வேகத்தில் குறைப்பது? ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, வாரத்துக்கு அரைக் கிலோ குறைவதைப் பாதுகாப்பானது என்கிறது. எடைக் குறைப்பு உணவு நாளைக்கு 1,000 கலோரிக்குக் கீழே போகக் கூடாது என்றும் சொல்கிறது. முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ இறங்கியதாக விளம்பரத்தில் வருகிறவர்களுக்கு இறங்கியதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு சேமித்து வைத்திருக்கிற மாவுச்சத்து தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரைந்ததும் தண்ணீரும் போய்விடுகிறது. இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டால் அது திரும்பி வந்துவிடும். உனக்கு ஒரு செமஸ்டரில் மூன்றிலிருந்து ஆறு கிலோ குறைந்தால் அது நல்ல கணக்கு. எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைந்தாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும்.

இனி விஷயத்துக்கு வருவோம். உன் வீகன் அட்டவணையின் முதல் பக்கம் முழுக்க ‘கூடாது’ பட்டியல்: பால் கூடாது, தயிர் கூடாது, முட்டை கூடாது, சோறு கூடாது. எடுத்த இடத்தில் எதை வைப்பது என்று தேடினால் மூன்றாம் பக்கத்தில் ஒரு கிண்ணம் சாலட் இருக்கிறது. எடைக் குறைப்புத் திட்டம் எதுவாக இருந்தாலும் பெரியம்மா முதலில் பார்ப்பது இதைத்தான்: தட்டிலிருந்து எதை எடுக்கிறது என்பதைவிட, எடுத்த இடத்தில் என்ன வைக்கிறது? மைதா பரோட்டாவும் முறுக்கும் கோலாவும் செடியிலிருந்து வந்தவையே. வனஸ்பதியும் அப்படித்தான். சிப்ஸ் பொட்டலத்தில் இருக்கிற பச்சைப் புள்ளி அது சைவம் என்பதற்கான அடையாளம். உடம்புக்கு நல்லது என்பதற்கான சான்றிதழ் இல்லை.

இதை நம் ஊரிலேயே நூறு வருஷத்துக்கு முன் ஒருவர் எலிகளை வைத்துப் பார்த்திருக்கிறார். ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு பிரிவைத் தொடங்கினார். மேலே சொன்ன ஹைதராபாத் நிறுவனம் அந்தப் பிரிவிலிருந்து வளர்ந்ததுதான். 1958-இல் இடம் மாறிப் போனது. இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டை அவர் தனித்தனி எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்தார். முழு கோதுமை, பருப்பு, கீரை, பால் அடங்கிய சீக்கியர் சாப்பாட்டில் வளர்ந்த எலிகள் முதலிடம். தீட்டி, கழுவிய அரிசியை நம்பிய ‘மதராசி’ சாப்பாட்டு எலிகள் கடைசி. அவர் பார்த்தது வளர்ச்சியை, தொப்பையை இல்லை. அன்றைய ஏழைச் சாப்பாடு இன்றைய ஹாஸ்டல் சாப்பாடும் இல்லை. இருந்தாலும் உன் மெஸ் தட்டில் சோறு எவ்வளவு, பருப்பும் காயும் எவ்வளவு என்று ஒருநாள் கவனித்துப் பார். மெக்காரிசனுக்கு அது புதுசாகத் தெரியாது.

நம் மாநிலக் கணக்கு இதைவிட விசித்திரம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை. அதே ஆய்வில் அதே வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சத்தைச் சேர்க்காமல் சாப்பாட்டை மட்டும் குறைக்கிற திட்டம், இந்த இரண்டாவது கூட்டத்தில் இன்னொருத்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

தாவர உணவால் எடை குறையுமா என்றால், குறையும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு இருபது பேரை ஆய்வு மருத்துவமனையிலேயே நாலு வாரம் தங்கவைத்துப் பார்த்தது. இரண்டு வாரம் கொழுப்புக் குறைந்த தாவர உணவு, இரண்டு வாரம் மாவுச்சத்தைக் கிட்டத்தட்ட ஒழித்த அசைவக் கீட்டோ உணவு. எதையும் வேண்டுமட்டும் சாப்பிடலாம். தாவர உணவு வாரங்களில் அவர்கள் தங்களை அறியாமலே நாளொன்றுக்குச் சுமார் 690 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். பசியில் வித்தியாசம் சொல்லவில்லை. 2021-இல் வெளியான ஆய்வு. இரண்டு வார முடிவை வைத்து வாழ்நாள் முழுமைக்கும் தீர்ப்பு எழுத முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இதே குழு 2019-இல் வேறொன்றைக் காட்டியிருந்தது: ஆலையில் பக்குவம் செய்த பாக்கெட் உணவைத் தின்றவர்கள் நாளைக்கு 500 கலோரி போலக் கூடுதலாகத் தின்று, இரண்டே வாரத்தில் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறினார்கள். நியூசிலாந்தின் கிஸ்போர்ன் ஊரில் நடந்த சோதனை இன்னும் நீளமானது. முழுத் தானியம், பயறு, காய், பழம் என்று கலோரி எண்ணாமல் சாப்பிட்டவர்களின் உடல் நிறைக் குறியீடு ஆறு மாதத்தில் 4.4 புள்ளி இறங்கியது. ஆனால் அவர்களுக்குச் சமையல் வகுப்பு உண்டு, மருத்துவர் கண்காணிப்பு உண்டு, கூடவே பி12 மாத்திரையும் உண்டு. அட்டவணை விற்கிறவர்கள் இந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

சரி, ஹாஸ்டலில் என்ன செய்வது? கினோவாவைத் தேடி அலைய வேண்டாம். ஹைதராபாத் நிறுவனத்தின் 2,000 கலோரித் தட்டில் ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், பருப்பு 85 கிராம், காயும் கீரையும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம், கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம், பால் அல்லது தயிர் 300 மி.லி. எல்லாம் சமைக்காத எடை. உனக்கு மொத்தம் இதைவிடக் குறைய வேண்டும். குறைப்பதைத் தானியத்திலும் எண்ணெயிலும் குறை, பருப்பிலும் காயிலும் கை வைக்காதே. சாம்பார் ஊற்றுகிற அண்ணாவிடம் “அடியிலிருந்து கலக்கி ஊற்றுங்கண்ணா” என்று சொல். பருப்பு அங்கேதான் கிடக்கிறது. சோறு ஒரு கரண்டி குறைத்து, பொரியலும் கூட்டும் இரண்டு கரண்டி வாங்கு. பூரி போடுகிற நாளில் கொண்டைக்கடலைக் குருமாவை நிறைய எடுத்துக்கொண்டு பூரியை இரண்டோடு நிறுத்து. சாயங்கால பஜ்ஜிதான் உன் பெரிய எதிரி என்று நினைக்கிறேன். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே 120 கலோரி இருக்கிறது, பஜ்ஜி குடிக்கிற எண்ணெய்க்குக் கணக்கே கிடையாது.

புரதம் உன் எடைக்கு நாளைக்கு 53 கிராம் போல வேண்டும். எடையைக் குறைக்கும்போது இது குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். முப்பது கிராம் பயற்றில் ஏழு கிராம் கிடைக்கும். முளைகட்ட அடுப்பு வேண்டாம், தண்ணீரும் ஒரு துணியும் போதும். மீல்மேக்கர் இருபத்தைந்து கிராமில் பதின்மூன்று கிராம். வேர்க்கடலை நல்லது, ஆனால் ஒரு கைப்பிடியோடு போதும். நூறு கிராமில் 560 கலோரிக்கு மேல் இருக்கிறது. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பாட்டி சொல்வாள் இல்லையா, கொள்ளு கொழுப்பைக் கரைக்காது. ஆனால் நூறு கிராமில் இருபது கிராமுக்கு மேல் புரதமும் நிறைய நார்ச்சத்தும் இருப்பதால் வயிறு நிறைந்து, அடுத்த வேளை தானாகவே குறையும். பாட்டியின் முடிவு சரி, காரணம்தான் வேறு.

இரும்புச்சத்துக்கு முருங்கைக்கீரை, எள், பயறு வகைகள். செடியிலிருக்கிற இரும்பை உடம்பு அரைகுறையாகத்தான் எடுத்துக்கொள்ளும். எலுமிச்சை பிழிந்தாலோ ஒரு நெல்லிக்காய் கடித்தாலோ கூடுதலாக எடுக்கும். சாப்பாட்டோடு டீ குடித்தால் இருப்பதும் போகும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிப்போடு.

பி12 பற்றி மட்டும் கறாராகச் சொல்ல வேண்டும். அது செடிகளில் இல்லை. இட்லி மாவு புளிப்பதால் வரும், ஸ்பைருலினாவில் இருக்கிறது என்றெல்லாம் சொல்வார்கள்; இரண்டையும் நம்ப முடியாது. கல்லீரலில் இருப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது, வருஷங்கள் கழித்துக் கை கால் மரமரப்பாக, மறதியாக, தீராத அசதியாக வரும். விலங்குகளுக்காகப் பாலை விடுகிறாய் என்றால் அது உன் கொள்கை, யாரும் குறுக்கே நிற்கப் போவதில்லை. மருத்துவரைக் கேட்டு மாத்திரையைத் தொடங்கிவிட்டு அப்புறம் விடு, கால்சியத்துக்கு ராகியைக் கூட்டிக்கொள். எடைக்காக மட்டும் என்றால் தயிரையும் மெஸ்ஸில் புதன்கிழமை கொடுக்கிற முட்டையையும் விட வேண்டிய அவசியமே இல்லை. தட்டில் பெரும்பகுதி தாவரமாக இருந்தால் போதும்.

சாறு அட்டவணைக்கு நாலு வரிதான். கூட்டிப் பார்த்தால் நாளுக்கு 700 கலோரி தேறாது. புரதம் கிட்டத்தட்ட இல்லை. பழத்தின் நார் வடிகட்டியில் தங்கிவிடுகிறது. 1944–45-இல் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களுக்கு இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், 1,570 கலோரி அளவில், ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் வேறெதிலும் மனம் செல்லாமல் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், சமையல் புத்தகம் சேர்த்தார்கள், சோர்ந்து சிடுசிடுத்தார்கள். உனக்கு நவம்பரில் பரீட்சை.

பொடி டப்பாவுக்கு வருகிறேன். ‘நூறு சதவீதம் தாவரம்’ என்பதில் பொய் இருக்காது. ஊமத்தங்காயும் நூறு சதவீதம் தாவரம்தான். அதன் சேர்மானப் பட்டியலில் முதலில் இருப்பது கார்சீனியா. பெயர் பார்த்து மிரளாதே, கேரளத்து மீன்குழம்பில் போடுகிற கொடம்புளி. அதன் தோலிலிருக்கிற ஒரு அமிலம் கொழுப்பு உருவாவதைத் தடுக்கும் என்று ஆய்வகத்தில் கண்டதை வைத்து மாத்திரை வியாபாரம் பெருகியது. 1998-இல் நியூயார்க்கில் 135 பேருக்குப் பன்னிரண்டு வாரம், பாதிப்பேருக்குக் கொடம்புளிச் சாரம், பாதிப்பேருக்கு வெற்று மாத்திரை என்று கொடுத்துப் பார்த்ததில் எடையில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. வெறும் காசு நஷ்டத்தோடு முடிந்தால் பரவாயில்லை. 2009-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, கல்லீரல் பாதிப்புப் புகார்கள் குவிந்ததால் பிரபலமான ஓர் எடைக் குறைப்புச் சரக்கை நிறுத்தச் சொல்லி மக்களை எச்சரித்தது. இந்த மாதிரிச் சரக்குகளில் சேர்க்கிற பச்சைத் தேயிலைச் சாரத்தைப் பற்றி ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2018-இல் எச்சரித்திருக்கிறது. கோப்பையில் குடிக்கிற டீயில் ஆபத்தில்லை, சாரத்தை மாத்திரையாக அடைத்து விழுங்கும்போதுதான் வம்பு. குழம்பில் கொடம்புளி தாராளமாகச் சேர். டப்பாவுக்கு உன் அப்பா அனுப்புகிற பணத்தைக் கொட்டாதே.

இன்னும் ஒன்று. இரவு இரண்டு மணிவரை விழித்துப் படிப்பதைக் குறை. சிகாகோவில் 2010-இல் வந்த ஒரு சிறு ஆய்வில், ஒரே அளவு உணவைக் குறைத்தவர்கள் எட்டரை மணி நேரம் படுத்தபோது கரைந்த கொழுப்பு, ஐந்தரை மணி நேரம் படுத்தபோது பாதியாகக்கூடத் தேறவில்லை. மாதவிலக்கு தள்ளிப்போனாலோ, தோழிகளோடு உட்கார்ந்து சாப்பிடப் பயமாக இருந்தாலோ, ஒரு கவளம் கூடுதலாகத் தின்றதற்காக மனசு குத்தினாலோ, அன்றே நிறுத்திவிட்டு அம்மாவிடமாவது என்னிடமாவது பேசு.

இந்தச் சனிக்கிழமை ஹீமோகுளோபின், பி12, தைராய்டு மூன்றுக்கும் ரத்தம் கொடுத்துவிட்டு, அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பு. பார்த்துவிட்டு அளவுகளைச் சொல்கிறேன். அதுவரை சாம்பார் அண்ணாவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லி ஆரம்பி. தீபாவளிக்கு வரும்போது டிபன் பாக்ஸைக் கழுவாமல் கொண்டு வராதே.

அன்புடன்,
பெரியம்மா