உள்ளங்காலுக்கு எந்த வெண்கலம்?

எண்ணெய் தேய்த்துக்கொள்ள இன்று விற்கும் வெண்கலக் கருவிகள் மூன்று: உள்ளங்காலில் தேய்க்கும் கிண்ணம், மரப்பிடியில் வெண்கலக் குமிழ் பதித்த முகக்கோல், பாதத்தை வைத்தால் தானே சுழலும் மின்தட்டு. கிண்ணம் மகாராஷ்டிரத்து, குஜராத்து வீடுகளின் பழக்கம். மற்ற இரண்டும் அண்மைக் காலத்துச் சரக்கு. ‘கான்சா’ என்ற பெயரில் விற்கும் உலோகம் நம் வெண்கலமேதான், ஏறக்குறைய 78 பங்கு செம்பும் 22 பங்கு வெள்ளீயமும் சேர்ந்தது. ஆதிச்சநல்லூர் ஈமக்காட்டில் கிடைத்த இரும்புக்காலப் பாத்திரங்களிலும் வெள்ளீயம் மிகுந்த இத்தகைய கலவை உண்டு.

அஷ்டாங்க ஹிருதயம் நாள்தோறும் எண்ணெய் தேய்க்கச் சொல்லி, தலை, காது, பாதம் மூன்றையும் தனியாகச் சுட்டுகிறது. அதற்குக் கை போதும். அதற்கு மேல் கருவி வேண்டுவோருக்கே இந்தத் தேர்வு.

திருச்சியை அடுத்த துவாக்குடிப் பட்டறையில் நாள் முழுக்க நின்று பற்றவைப்பவரின் குதிகாலும், என்.ஐ.டி. விடுதியில் நள்ளிரவு வரை மடிக்கணினி முன் குனிந்திருப்பவரின் பிடரியும் கேட்பது வேறு வேறு. ஆனால் வாங்கும்போது யாரும் தம் உடம்பைக் கேட்பதில்லை. அறைத்தோழி வைத்திருக்கிறாள் என்று ஒரு மாணவி முகக்கோல் வாங்குகிறாள். பரு உள்ள முகத்தில் எண்ணெயும் உலோகமும் சேர்ந்து அழுத்தினால் பரு கிளறிக்கொள்ளும். இன்னொரு வீட்டில், படிப்புச் சூடு இறங்கட்டும் என்று பெற்றோரே மின்தட்டை வாங்கி விடுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

மிகையாகப் புகழப்படுவது இந்த மின்தட்டுதான். கால் மணி நேரம் சுழன்றதும் உள்ளங்கால் வளைவில் சாம்பல் நிறத்தில் பிசுக்கு திரளும். உடம்பின் நஞ்சும் பித்தமும் இறங்கிவிட்டதாக அதைக் காட்டுகிறார்கள். அது உண்மையல்ல. எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலமும் வியர்வையும் செம்போடு வினைபுரிவதாலும், தேய்மானத்தில் உதிரும் நுண்துகளாலும் வரும் நிறம் அது. எண்ணெய் தோய்ந்த வெள்ளைத் துணியால் அதே தட்டை அழுத்தித் துடைத்தால் துணியும் கறுக்கும். துணியில் பித்தம் ஏது? நிறத்தை நம்பி நேரத்தைக் கூட்டுவதே பெரிய தவறு. நீரிழிவால் பாதம் மரத்தவருக்குத் தோல் உரிவது தெரியாது. அவர் மின்தட்டின் பக்கமே போகக் கூடாது. காலில் இரத்தக் கட்டு, புதிய வீக்கம், ஆறாத புண் உள்ளவருக்கும் இதே தடை. கையில் பிடித்த கிண்ணம் வலித்தால் நிற்கும்; மின்தட்டு நிற்காது.

எனவே நின்று உழைப்பவருக்குக் கிண்ணமே சரியான தேர்வு. பிடரி வலிக்குக் கையும் வெதுவெதுப்பான நல்லெண்ணெயும் எந்த உலோகத்தையும் விட மேல். ‘கான்சா’ முத்திரை தேடி அலைய வேண்டியதில்லை. தஞ்சாவூர்ச் சாலையில் கும்பகோணம் வரை போனால், பாத்திரக் கடையில் அடி வழவழப்பான சிறு வெண்கலக் கிண்ணத்தை எடை போட்டு வாங்கலாம். விரல் நுனிகளில் ஏந்தித் தட்டினால் கணீரென்று ஒலித்து, ஓசை நெடுநேரம் நிற்க வேண்டும். ஒலி சட்டென்று அடங்கினால் விரிசலோ கலப்படமோ இருக்கலாம். பழைய உலோகத்தை உருக்கி வார்த்ததில் காரீயம் கலந்திருக்கக்கூடும் என்பதால், வாங்குமிடம் நம்பகமாக இருக்க வேண்டும். கல்தரையில் விழுந்தால் பித்தளை நசுங்கும். வெள்ளீயம் மிகுந்த வெண்கலமோ உடைந்தே போகும்.

உடல்வாகையும் பார்க்க வேண்டும். வறண்ட, வெடித்த பாதத்துக்குக் கிண்ணம் நன்றாக ஏற்கும். சளி, காய்ச்சல், செரியாமை உள்ள நாளில் எண்ணெயே கூடாது. மூன்று நாளில் பலன் தேடுபவர் நான்காம் நாள் வேறு கருவிக்குத் தாவுவார். ஒரு மண்டலம் பொறுத்துப் பார்க்காமல் தமக்கு எது ஏற்கும் என்று யாரும் அறிய முடியாது. ஒரு பாதத்துக்குப் பத்து நிமிடம், குதிகாலிலிருந்து விரல் நோக்கி, படுக்கைக்கு முன் தேய்த்தால் போதும். தேய்த்த காலோடு மொசைக் தரையில் நடந்தால் வழுக்கும். துடைத்த பிறகே எழ வேண்டும். கிண்ணத்தைப் புளி போட்டுத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்துக் கவிழ்த்து வைத்தால் களிம்பு ஏறாது.