கொறங்காடு: மரமும் விறகும் காட்டுயிரும் பேணும் கொங்குச் சிறுநில மரபு

ஆய்வுச் சுருக்கம்

கொங்கு நாட்டின் மானாவாரி நிலப்பகுதிகளில் வழங்கிவரும் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நில அமைப்பு, உயிர்வேலி, மரம், புல், கால்நடை ஆகிய நான்கையும் ஒரே உடைமைக்குள் இணைத்துப் பேணுவதாகும். இந்நிலத்தில் விறகு பெறும் முறை பொறுக்குதல், கழித்தல், வெட்டுதல், தூர் எடுத்தல் என்னும் நான்கு வினைகளால் சுட்டப்படுகின்றது. எந்த மரத்திற்கு எந்த வினை உரியது என்னும் தெளிவே இம்மரபின் மரப்பேணலுக்கும் காட்டுயிர்ப் புகலிடத்திற்கும் அடிப்படையாகும் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகின்றது.

திறவுச்சொற்கள்: கொறங்காடு, உயிர்வேலி, வெள்வேல், முள்கிளுவை, இட்டேரி, விறகு, சீமைக்கருவேலம்.

முன்னுரை

மரம் பற்றிய இன்றைய பொதுப்பேச்சு ‘நடுதல்’, ‘வெட்டுதல்’ என்னும் இரு வினைகளுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றது. நடுவது அறம் என்றும் வெட்டுவது அழிவு என்றும் அது கொள்கின்றது. மரத்தோடு நாள்தோறும் வாழும் சிறுநில உழவரின் வழக்கு இவ்விரண்டில் அடங்குவதில்லை. அடுப்புக்கு விறகும் ஆட்டுக்குத் தழையும் வேலிக்கு முள்ளும் ஒரே நிலத்திலிருந்து பெற வேண்டியவர், மரத்தை அழிக்காமல் மரத்திலிருந்து எடுக்கும் முறைகளை வகுத்துக்கொண்டார். அம்முறைகள் நூலாக எழுதப்பட்டவை அல்ல. வட்டாரச் சொற்களிலேயே அவை தங்கியுள்ளன. காங்கேயம், தாராபுரம், மூலனூர் ஆகியவற்றைச் சூழ்ந்த பகுதிகளிலும் கரூர் மாவட்டப் பகுதிகளிலும் காணப்படும் கொறங்காடு இதற்குத் தக்க சான்றாகும்.

கொறங்காட்டின் அமைப்பு

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்த இப்பகுதியின் ஆண்டு மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் ஆகும். அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையால் கிடைப்பது. இத்தகைய நிலத்தில் பயிரை மட்டும் நம்பி வாழ்வது அரிது. எனவே நிலத்தின் ஒரு பகுதி மேய்ச்சலுக்கென நிலையாக ஒதுக்கப்பட்டது. கொறங்காடு ஊர்ப்பொது நிலம் அன்று, தனியார் உடைமை. காங்கேயம் மாட்டினமும் மேச்சேரி முதலான செம்மறி இனங்களும் இந்நிலங்களைச் சார்ந்து வளர்ந்தவை.

இதன் உறுப்புகள் மூன்று. தரையில் கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல் மரம். சுற்றிலும் முள்கிளுவை வேலி. மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை. வெள்வேலின் பரந்த, அடர்த்தி குறைந்த முடி, புல்லுக்கு வேண்டிய ஒளியைத் தடுப்பதில்லை. புல் காய்ந்துபோகும் கோடையில் அதன் நெற்றுகள் முதிர்ந்து உதிர்ந்து தீவனமாகின்றன. நெற்றைத் தின்ற ஆடுமாடுகளின் குடல் வழியாக வெளியேறும் விதைகள், கடின மேலுறை நெகிழ்ந்து, சாணத்திலும் புழுக்கையிலும் கிடந்து முளைக்கின்றன. ஆகவே கொறங்காட்டில் வெள்வேலை நடுபவர் எவரும் இலர், கால்நடையே விதைக்கின்றது. முளைத்தவற்றுள் எதை விடுவது, எதைக் களைவது என்று தெரிவது மட்டுமே உழவரின் பணியாகும்.

முள்கிளுவையோ மனிதர் கையால் நடப்படுவது. கிளைகளைப் போத்துகளாக வெட்டி மழைக்கு முன் நெருக்கமாக ஊன்றினால் அவை வேர்பிடித்துத் துளிர்க்கும். நுனியை அவ்வப்போது கழித்துவந்தால் அடிப்பகுதியிலிருந்து கிளைத்து, ஆடு நுழைய முடியாத அடர்வேலியாகும். உடைமைகளைப் பிரிக்கும் எல்லையும் மேய்ச்சலைச் சுழற்சிப்படுத்தும் கருவியும் இவ்வேலியே. ஒரு காட்டில் புல் தேய்ந்தால் படலைச் சாத்திவிட்டு மந்தையை அடுத்த காட்டிற்கு மாற்றலாம். காவிரிப் படுகையில் நில அளவுக்கே ‘வேலி’ என்னும் பெயர் வழங்கியதை இங்கு ஒப்பிட்டு நோக்கலாம். அங்கு அச்சொல் நிலத்தின் பரப்பைக் குறித்தது. கொங்கில் நிலத்தின் வாழ்வையே தாங்கி நிற்கின்றது.

விறகு குறித்த நான்கு வினைகள்

தமிழில் எரிபொருளுக்கு வழங்கும் பெயர்கள் அளவால் வரிசைப்படுபவை: செத்தை, சுள்ளி, மிலாறு, விறகு, கட்டை. செத்தை தீ மூட்டுவதற்கு. சுள்ளியும் மிலாறும் விரைந்து எரிந்து உலை கொதிப்பதற்கு. கட்டை நின்று எரிவதற்கு. இவ்வரிசையில் முதல் மூன்றையும் மரத்தை வீழ்த்தாமலே பெறலாம். கட்டைக்கே பெரும்பாலும் மரத்தின் உயிர் விலையாகின்றது. அளவைச் சுட்டும் பெயர்கள், மரத்திற்கு நேரும் இழப்பின் அளவையும் ஒருவாறு சுட்டுவது கருதத்தக்கது.

இப்பெயர்களோடு சேர்ந்து நிற்கும் வினைகள் நான்கு. தானே உதிர்ந்ததை எடுப்பது பொறுக்குதல். பனைமரத்தின் காய்ந்த மட்டை, பன்னாடை, பாளை ஆகியவையும் இவ்வகையில் அடங்கும். வேலியோரப் பனை, வெட்டப்படாமலே ஆண்டுதோறும் அடுப்புக்கு எரிபொருள் தருகின்றது. உயிருள்ள மரத்தின் கிளையை மட்டும் நீக்குவது கழித்தல். கழித்த கிளையின் தழை ஆட்டுக்கும், முள் வேலியின் இடைவெளியை அடைப்பதற்கும், உலர்ந்த கோல் அடுப்புக்கும் பயன்படும். வெள்வேலின் நெற்று முதிரும் முன் கிளையைக் கழித்தால் கோடைத் தீவனம் பறிபோகும். எனவே விறகின் பருவத்தைத் தீவனத்தின் பருவமே வரையறுக்கின்றது. மரத்தை அடியோடு வீழ்த்துவது வெட்டுதல். வேர்க்கட்டையோடு அகற்றுவது தூர் எடுத்தல்.

வேலிக்குக் கழித்தல் கட்டாயம். கழிக்காத கிளுவை உயர்ந்து, அடி வெறுமையாகி, வேலியாக நில்லாது. வெள்வேலுக்குக் கழித்தல் அளவோடு தக்கது. பனைக்குப் பொறுக்குதலே போதும். தூர் எடுத்தல் இம்மூன்றுக்கும் பகை. வினையை மாற்றிச் செலுத்தினால், மரங்களின் எண்ணிக்கை உடனே குறையாவிடினும் அமைப்பு குலையும்.

வேலியும் இட்டேரியும் காட்டுயிரும்

இரு தோட்டங்களின் வேலிகளுக்கு இடையே செல்லும் ஒடுங்கிய வண்டித்தடத்தைக் கொங்கு வழக்கில் இட்டேரி என்பர். இருபுறமும் உயிர்வேலி உள்ள இட்டேரி, மனிதருக்கு வழியாக இருப்பதுபோலவே காட்டுயிருக்கும் வழியாகும். உழவு படாத வேலியடியில் கவுதாரி முட்டையிடுகின்றது, முயல் பதுங்குகின்றது, உடும்பும் கீரியும் சாரையும் இரை தேடுகின்றன. கீச்சான் தான் பிடித்த பூச்சியை வேலிமுள்ளில் குத்திவைத்து உண்கின்றது. பனையோலையில் பனை உழவாரன் கூடமைக்கின்றது. முதிர்ந்த மரப்பொந்துகளில் ஆந்தை தங்குகின்றது. ‘வேலிக்கு ஓணான் சாட்சி’ என்னும் பழமொழி, சார்புடையவரின் சாட்சியத்தை எள்ளுவது. வேலியும் ஓணானும் பிரிக்க முடியாதவை என்னும் பட்டறிவே அந்த எள்ளலுக்கு அடிப்படையாகும்.

இதனைக் கொண்டு, பழைய உழவர் காட்டுயிரைக் காக்கும் நோக்கத்தோடு வேலியிட்டார் என்று கூறுதல் பொருந்தாது. கண்ணி வைத்துக் கவுதாரி பிடித்தலும் முயல் வேட்டையும் இதே நிலங்களில் நிகழ்ந்தன. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைத் தடை செய்தது. புகலிடம் என்பது இங்கு நோக்கமன்று, உழைப்பின் விளைவு. ஆதலால் அவ்வுழைப்பு நின்றால் புகலிடமும் நீங்கும். கல்தூணும் கம்பியும் எல்லையைக் காக்கும். கவுதாரிக்கு நிழல் தாரா. மேலும், விளைவு எப்போதும் உழவருக்கு இனிதாகவும் அமைவதில்லை. தேசியப் பறவையாகிய மயில் இன்று கொங்குப் பகுதியில் பெருகிப் பயிருக்கு இடராகியுள்ளது. குள்ளநரி குறைந்தமை அதற்கு ஒரு காரணமாகப் பேசப்படுகின்றது. உயிர்களுள் சிலவற்றுக்கு மட்டும் இடமளிக்கும் நிலம் சமன் இழக்கும் என்பதை இது உணர்த்துகின்றது.

சீமைக்கருவேலம்: வினை பிறழ்ந்த மரம்

வெள்வேலைப் பரப்பும் அதே வழியில் சீமைக்கருவேலமும் பரவுகின்றது. அதன் இனிய நெற்றையும் ஆடுமாடுகள் விரும்பி உண்கின்றன. அதன் விதையும் சாணத்தில் முளைக்கின்றது. கொறங்காட்டை வளர்த்த கால்நடையே அதன் பகையையும் விதைக்கின்றது என்பது இவ்வமைப்பின் பெருமுரண் ஆகும். எது வெள்வேல், எது சீமைக்கருவேலம் என்று கால்நடை பிரித்தறியாது, அப்பணி மனிதருடையது.

சீமைக்கருவேலம் நல்ல விறகும் கரியும் தருவது. உள்ளூர் மரங்கள் வெட்டுண்ணாமல் காத்ததில் அதற்கும் பங்குண்டு என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் அதனை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகளாகத் துளிர்க்கும். கிளுவைக்கு நன்மை செய்த கழித்தல், இங்குப் பகையை வளர்க்கும். இதற்குரிய வினை தூர் எடுத்தலே. அதுவும் நாற்றாக இருக்கும்போதே பிடுங்கிவிடுதல் எளிது. ‘வெட்டுதல்’ என்னும் ஒரே சொல்லால் எல்லா மரங்களையும் அணுகுவது எத்துணைப் பிழையானது என்பதற்கு இதுவே சான்று.

உரிமையும் உழைப்பும்

இம்மரபைப் புகழ்ந்து மட்டும் கூறி அமைதல் ஆய்வு நேர்மை ஆகாது. நிலம் உடையவர் ஒருவர். மந்தையின் பின் நடந்தவர் வேறொருவர். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவல், கொங்கு மேட்டுநிலத்தில் பண்ணையத்தில் ஆடு மேய்த்த அருந்ததியர் சிறுவரின் வாழ்வைச் சித்திரிப்பது. வெயிலும் பனையும் ஆடும் அங்கு இயற்கை அழகாக மட்டும் நில்லாமல், சாதியால் பிணிக்கப்பட்ட உழைப்பின் களமாகின்றன. மரத்தை அறிந்த அறிவில் பெரும்பகுதி, மரத்துக்கு உரிமையில்லாதவரிடம் இருந்தது.

விறகு வினைகளிலும் இவ்வேறுபாடு உண்டு. கழித்தலும் வெட்டுதலும் உடைமையாளரின் உரிமை. பொறுக்குதல் ஒன்றே நிலமற்றவருக்கு, சிறப்பாகப் பெண்களுக்கு, இட்டேரிகளிலும் காட்டோரங்களிலும் வாய்த்தது. ஆகவே இட்டேரி அகலப்படுத்தப்படும்போதும் உயிர்வேலி கம்பிவேலியாகும்போதும் முதலில் இழப்பவர் அவர்களே. எரிவாயு வந்த பின்னும் வெந்நீருக்கும் விழாச் சமையலுக்கும் விறகடுப்பு நீடிக்கும் வீடுகளுக்கு இவ்விழப்பு சிறிதன்று.

நன்செய், புன்செய், தரிசு, புறம்போக்கு என்னும் வருவாய்த்துறைப் பகுப்பில் கொறங்காட்டிற்குத் தனியிடம் இல்லை. பயிர் இல்லாத நிலம் பயனில்லாத நிலமாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். அத்தோற்றத்திலிருந்து மனைப்பிரிவுக்குச் செல்லும் தொலைவு மிகக் குறைவு.

முடிவுரை

கொறங்காட்டில் மரப்பேணலும் விறகுத் தேவையும் காட்டுயிர் வாழ்வும் தனித்தனித் துறைகள் அல்ல. மூன்றையும் இணைப்பது உயிர்வேலி. அவ்வேலியை நிலைநிறுத்துவது உரிய மரத்திற்கு உரிய வினையைச் செலுத்தும் தெளிவு. கிளுவையைக் கழித்து, பனையடியில் பொறுக்கி, வெள்வேலை வெட்டாது விட்டு, சீமைக்கருவேலத்தைத் தூரோடு எடுத்த நிலத்தில் மட்டுமே புல்லும் கவுதாரியும் நிலைக்கும்.

வட்டார வழக்காய்வில் பொருட்பெயர்களைத் தொகுக்கும்போது, அவற்றோடு வரும் வினைகளையும் அவ்வினைகள் ஏற்கும் மரப்பெயர்களையும் பருவங்களையும் சேர்த்துப் பதிவு செய்தல் வேண்டும். ‘கிளுவை’ என்னும் பெயர் அகராதியில் நிலைத்தாலும், அதனைக் கழிக்க வேண்டும் என்னும் அறிவு அப்பெயரில் இல்லை. வேலியில் நின்று அரிவாள் பிடித்தவரிடம் அந்த அறிவு இன்னும் எஞ்சியுள்ளது. அவரிடமிருந்து அதனைக் கேட்டறிதல் தமிழாய்வின் உடனடிக் கடமைகளுள் ஒன்றாகும்.