மூளையும் மின்சாரமும்

மனநோய்க்கு மின்சாரத்தால் சிகிச்சை செய்வர் என்று கேட்டவளவில் நம்மில் பலர் அஞ்சுகின்றோம். அவ்வச்சம் தகுமா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1938-ஆம் ஆண்டில் ரோமாபுரியில் செர்லெட்டி, பீனி என்னும் இரு மருத்துவர் இம்முறையை முதன்முதற் கையாண்டனர். நோயைத் தணிப்பது மின்சாரமன்று. அது மூளையில் எழுப்பும் வலிப்பே என்பது அவர்கள் கொள்கை. மயக்க மருந்தின்றிச் செய்த அக்காலத்தில் உடல் துடித்து எலும்பு முறிந்ததும் உண்டு. இக்காலத்திலோ நோயாளியை உறங்கச் செய்து, தசைகளைத் தளர்த்திய பின்னரே மின்சாரம் செலுத்துவர். வலிப்பும் பெரும்பாலும் ஒரு நிமிஷத்தளவில் அடங்கிவிடும். இவ்விரண்டு காப்புமின்றி இதனைச் செய்தலை நம் இந்திய நாட்டு 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் விலக்கிற்று.

இனி, இதனால் மூளை கெடுமோ எனின், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மூளையைக் காந்தப் படமெடுத்து அளந்து பார்த்தனர். நினைவுக்கு உறுதுணையாகிய ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி சுருங்கவில்லை, சற்றே பருத்திருந்தது. ஆயினும், மிகப் பருத்தவரே மிகக் குணமடைந்தார் என்று 2018-இல் வெளிவந்த பன்னாட்டு ஆராய்ச்சி கண்டிலது. ஆதலின் அப்பருமனே குணத்திற்குக் காரணமென்று துணிதல் பிழையாம்.

மறதியையும் மறைத்தல் ஆகாது. புதியன கற்கும் ஆற்றல் பெரும்பாலும் சில வாரங்களில் மீளும். எனினும் சிகிச்சையை அடுத்த காலத்து நிகழ்ச்சிகள் சில, சிலர்க்கு என்றும் மீளாதொழியும். உணவும் மறுத்து, உயிர்விடத் துணியும் கடுந்துயருற்றோர்க்கு இச்சிகிச்சை உயிர்காக்கும் துணையாதலும் உண்டு. ஆகவே, பெறுவது இது, இழப்பது இது என நோயாளிக்கு உரைத்து, அவர் இசைவு பெற்றுச் செய்தலே முறை. வீண் அச்சமும் வீண் புகழ்ச்சியும் அவர்க்கு உதவா என்பதை நாம் மறவாதிருப்போமாக.